தம்பியின் தலைமயிருக்கு ஒரு நேர்த்தி

முதலில் கேட்டது சப்பாத்துச் சத்தம்தான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன் விறாந்தையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பயித்தம் பணியாரத் தட்டோடு நின்றேன். கேற்றைத் திறந்துகொண்டு என் தம்பி வந்தான். முழங்காலுக்குக் கிட்ட ஏறிய கறுப்புச் சப்பாத்து, கறுப்பு ரீசேட், கழுத்தில் சைக்கிள் செயின் போல ஒன்று, நகங்களில் கறுப்புக் கியூட்டெக்ஸ். எல்லாவற்றுக்கும் மேலே அவனுடைய தலைமயிர், தோளைத் தாண்டி இறங்கி, முகத்தில் பாதியை மூடிக்கொண்டு கிடந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். தம்பி யாரையும் பார்க்காமல், ஒரு வணக்கமும் சொல்லாமல், எங்களைக் கடந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். பெரியப்பா அந்தக் கதவைப் பார்த்தபடி, "உவர் என்ன, வாள்வெட்டுக் கோஷ்டியளோடை திரியிறவரோ?" என்று கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. "சீச்சீ, அது முருகனுக்கு நேர்த்தி. முடி வளக்கிறான்" என்றார்.

அந்தச் சம்பந்தம் சாதகம் பொருந்தாமல் விட்டுப்போயிற்று. பொய் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அப்போது தம்பிக்கு இருபத்திரண்டு வயது. பருத்தித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு பெடியன் தலைமயிர் வளர்த்தால் சனம் இரண்டு விதமாகத்தான் யோசிக்கும்: வாள் அல்லது போதைத்தூள். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று எவருக்கும் தோன்றாது. என் தம்பியோ கோழி அறுக்கிற பக்கம்கூடப் போகமாட்டான். வீட்டிலிருந்தபடியே ஒரு ஸ்ரூடியோவுக்குக் கலியாணப் படங்களைக் கணினியில் திருத்திக் கொடுப்பதுதான் அவனுடைய தொழில். பொம்பிளையின் நெற்றி வியர்வையைத் துடைப்பான், மாப்பிள்ளையின் பருவை எடுப்பான். "படத்திலை இருக்கிறவை திருப்பிப் பாக்கமாட்டினம் அக்கா, அதாலை சுகம்" என்பான். தன்னிடம் என்ன வித்தியாசம் என்று கைபேசியில் தேடித் தேடி வாசித்து, தானே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், ஓட்டிசம் என்று டொக்டர் வாயால் கேட்டுக்கொண்டு வந்தவன் அவன். வந்த அன்று அப்படி ஒரு சந்தோசம். "அப்ப நான் பிழை இல்லை அக்கா" என்றான். அம்மா அடுப்படியில் இருந்தபடி, "உது சின்னப் பிள்ளையளுக்கு வாற வருத்தமெல்லே? நீ இவ்வளவு வளந்திட்டாய்" என்றார். எங்கள் வீட்டில் அந்தக் கதை அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகுதான் கறுப்பு வந்தது. வெளிநாட்டுப் பெடியன்களின் வீடியோக்களைப் பார்த்து ஒவ்வொன்றாக வாங்கினான். எனக்கு விசர் பிடித்தது. ஏன்ரா உந்தக் கோலம் என்று கத்தினேன். அவன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகக் காரணம் சொன்னான். சப்பாத்துப் பாரமாக இருந்தால் கால் எங்கே நிற்கிறது என்று தெரியுமாம். எல்லாம் கறுப்பென்றால் காலையில் எதைப் போடுவது என்று யோசிக்கத் தேவையில்லையாம். தலைமயிர் முன்னால் விழுந்தால் ஆட்களுடைய கண் தன்னில் படாதாம், மோட்டார் சைக்கிள் சத்தமும் கொஞ்சம் தள்ளிப்போய்க் கேட்குமாம். "அதோடை எனக்கு இது வடிவாயும் இருக்கு" என்று கடைசியில் சொன்னான். அதற்கு நான் என்ன சொல்ல? மெய்யாகவே வடிவாகத்தான் இருந்தது.

அவனிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். ஒரு சிநேகிதன். பள்ளிக்கூடக் காலம் முழுவதையும் தனியாகவே கழித்தவன். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, பிறர் சும்மா சொல்வதையும் மெய்யென்றே எடுத்துக்கொள்வான். "வாவன் ஒருநாளைக்கு வீட்டை" என்று வகுப்புப் பெடியன் ஒருவன் வாய்க்கு வந்தபடி சொன்னதை நம்பி, அடுத்த நாளே அவர்கள் வாசலில் போய் நின்று, வீட்டுக்காரர் முழித்த முழியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். எனக்கு அந்தப் பெடியனை இன்றைக்குக் கண்டாலும் அறையவேண்டும் போலிருக்கும். ஆனால் அவனில் என்ன பிழை? எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

நேர்த்தி என்ற சொல் காதில் விழுந்ததும் ஊர் மாறிய வேகத்தைப் பார்க்கவேண்டும். நேற்றுவரை அவனைக் கண்டால் மதிலோடு ஒதுங்கிய பெண்டுகள் நின்று சிரித்தார்கள். "என்னத்துக்கு நேர்ந்தனியள், வருத்தத்துக்கோ, வெளிநாடு போறதுக்கோ?" என்று அம்மாவிடம் விசாரித்தார்கள். அதெல்லாம் வெளியில் சொல்லக்கூடாது என்று அம்மா முகத்தைப் பக்தியாக வைத்துக்கொள்வார். கறுப்புச் சேட்டுக்கு ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறான் என்று சனமே ஒரு காரணம் கண்டுபிடித்தது. சப்பாத்துக்கு மட்டும் எந்தச் சாமியும் பொறுப்பெடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே தலைமயிர், அதே பெடியன். தனக்கு விருப்பம் என்று வளர்த்தால் காவாலி, சாமிக்கு என்று வளர்த்தால் நல்ல பிள்ளை. இதை அம்மாவிடம் சொன்னால், "உனக்கேன்? அவன் நிம்மதியா ரோட்டாலை போறான்தானே" என்பார். அதுவும் உண்மைதான். அதுதான் இன்னும் கோபம்.

பிறகு கோயில் பெடியள் வந்தார்கள். திருவிழாவுக்குத் தூக்குக் காவடி எடுக்கிற கூட்டம் அது. முதுகிலும் காலிலும் செடில் என்கிற கொழுக்கிகளைக் குத்தி, உழவு இயந்திரத்தில் கட்டிய மரத்தில் தொங்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார்கள். அதில் முன்னுக்கு நிற்கிற காவடிக்காரப் பெடியன் நேர்த்திக் கதையைக் கேள்விப்பட்டு எங்கள் கேற்றடிக்கு வந்து, "மச்சான், பின்னேரம் கோயிலடிக்கு வாவன்" என்றான். தம்பி உடனே, "எத்தினை மணிக்கு?" என்று கேட்டான். அந்தப் பெடியன் ஒரு நேரம் சொன்னான், சொன்ன நேரத்துக்கு அங்கே நிற்கவும் செய்தான். அன்றைக்கு ஆரம்பித்தது. ஒவ்வொரு பின்னேரமும் தம்பி கோயில் கேணிக்கட்டில் அவர்களோடு போய் இருந்தான். அதிகம் கதைக்கமாட்டான், அவர்களும் கதை என்று நெருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, யார் என்ன பகிடி விட்டது, எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு ஒப்புவிப்பான். ஒருநாள் தலைமயிரைக் கோதிக்கொண்டு, "அக்கா, அவங்களுக்கு என்ரை தலைமயிர் பிடிச்சிருக்கு. நல்லா வளருது மச்சான் எண்டு சொல்லுறாங்கள்" என்றான். அவர்கள் மெச்சியது சாமிக்கு வளர்கிற முடியை என்று அவனுக்குத் தெரியாது.

அம்மாவோடு அன்று பெரிய சண்டை. அவனுக்கு உண்மையைச் சொல்லுங்கோ என்று நின்றேன். அம்மா கையில் இருந்த அகப்பையைப் போட்டுவிட்டு, "சொன்னால் அந்தப் பெடியளும் போயிடுவாங்கள். இருவத்திரண்டு வரியத்திலை இப்பதான் ஒருத்தன் அவனை மச்சான் எண்டு கூப்பிடுறான். அதை நான் குழப்பவோ? நீயே போய்ச் சொல்லு பாப்பம்" என்றார். நான் போனேன். அவன் படம் ஒன்றைத் திருத்திக்கொண்டு மெல்லமாகப் பாடிக்கொண்டிருந்தான். அவன் பாடி நான் கேட்டதில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

சில கிழமைகளில் அவனே வந்து சொன்னான். "அக்கா, என்ரை முடிக்கு நேர்த்தி எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாங்கள். ஐயப்பன் மாலை எண்டு சனம் சொன்னது மாதிரி. இல்லையெண்டு சொன்னன். சிரிக்கிறாங்கள்." இல்லை என்று அவன் சொல்லச் சொல்ல அவர்களுக்கு அவன்மேல் மரியாதை கூடியதுதான் கொடுமை. நேர்த்தியை வெளியில் சொல்லாதவன்தானே மெய்யான பக்தன்! கடவுளே, உண்மையைச் சொல்லியும் தப்பமுடியாத ஒருவனை நான் அப்போதுதான் கண்டேன்.

தேர்த் திருவிழா வந்தது. விடிய வெள்ளெனவே பெடியள் வந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் அம்மாவும் பின்னால் போனோம். கேணிக்குப் பக்கத்தில் முடி இறக்குகிறவர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். நேர்த்திக்காரர் ஒவ்வொருவராக மொட்டை அடித்துக்கொண்டு எழுந்து போனார்கள். காவடிக்காரப் பெடியன் தம்பியின் தோளில் கைபோட்டு அந்தச் சாக்கில் கொண்டுபோய் இருத்தினான். "இண்டைக்கு உன்ரை நாள் மச்சான்" என்றான். கிண்ணத்துத் தண்ணீர் தலையில் பட்டதும் தம்பி துள்ளி எழும்பினான். "எனக்கு நேர்த்தி இல்லை. நான் எத்தினை தரம் சொல்லிப்போட்டன்" என்றான். பெடியள் சிரித்தார்கள். காவடிக்காரன் மட்டும் சிரிக்காமல், "அன்ரிதானே சொன்னவ, இந்த முறை தேருக்கு இறக்குறதெண்டு" என்றான். தம்பி கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடினான். தலைமயிர் நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது, அதை அவன் ஒதுக்கவும் இல்லை.

அம்மா ஒருதரம் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு அவனுக்குக் கிட்டப் போனார். "முதல் சொன்னது பொய்தான் தம்பி. சாமியின்ரை பேரிலை பொய் சொல்லிப்போட்டன் எண்டு பேந்து பயம் வந்திட்டுது. அடுத்த வெள்ளிக்கிழமை இஞ்சை வந்து மெய்யாவே நேர்ந்திட்டன். உனக்கொரு சிநேகிதன் கிடைக்க வேணும், கிடைச்சால் உன்ரை முடியைத் தாறன் எண்டு."

எனக்கே அது புதுச் செய்தி. "என்ரை முடியை நீங்கள் எப்பிடிக் குடுப்பியள்?" என்று தம்பி கேட்டான். வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் கத்திக் குழறியிருப்பார்கள். இவன் கணக்குப் பார்த்தான். "சரி. கிடைச்சால்தானே?" என்று சொல்லிக் காவடிக்காரனின் பக்கம் திரும்பினான். "நீ என்ரை சிநேகிதனோ?"

"இதென்ன கேள்வி மச்சான்?"

"ஓமோ, இல்லையோ? ஓமெண்டால் நான் இருக்கிறன். வழிக்கட்டும்."

தன் உடம்பில் தனக்கு வேண்டியது எதுவோ அதை அவன் ஒரு ஓமுக்குக் கொடுக்க ஆயத்தமாக நின்றான். நான் அந்தப் பெடியனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லன்ரா, சொல்லித் துலையன் என்று எனக்குள்ளே கத்தினேன். அவன் கழுத்தைச் சொறிந்தான். மற்றவர்களைப் பார்த்தான். மற்றவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். "உவன் பகிடி விடுறான். தேர் வெளிக்கிடப் போகுது, கெதியா இரடா" என்றான். தம்பி காத்துக்கொண்டு நின்றான். மேளச் சத்தம் கிட்ட வந்தது, அவன் காதைப் பொத்திக்கொண்டும் நின்றான். பிறகு முடி இறக்குகிறவரிடம், "குறை நினையாதேங்கோ ஐயா, இன்னும் கிடைக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அடுத்த நாள் பின்னேரம் காவடிக்காரப் பெடியன் ஒரு பையில் மோதகத்தோடு கேற்றடிக்கு வந்தான். முதுகில் செடில் குத்திய இடங்களில் விபூதி அப்பியிருந்தது. "அவன் கோவமோ அக்கா?" என்று கேட்டான். நீ ஒரு ஓம் சொல்லியிருக்கலாமேடா என்று நான் எரிந்து விழுந்தேன். அவன் உண்மையிலேயே திகைத்துப்போனான். "உதையெல்லாம் வாயாலை சொல்லுறதே? சிநேகிதமில்லாட்டி நான் ஏனக்கா ஒவ்வொரு நாளும் கூப்பிடுறன்?" என்றான். உள்ளே போய் அதை அவனிடம் சொல்லு என்றேன். பெடியனுடைய முகம் சிவந்தது. "வெக்கமாக் கிடக்கு. பேந்து சொல்லுறன்" என்று மோதகத்தைத் தந்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டான். கொழுக்கி குத்தித் தொங்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வருகிறவனுக்கு ஒரு சொல் சொல்ல வெட்கமாம்! நான் போய்த் தம்பியிடம் அப்படியே சொன்னேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதை அவன் சொல்லட்டும்" என்றான்.

அவன் சொல்லவில்லை. அடுத்த வருடம் பிரான்ஸுக்குப் போய்விட்டான். அங்கிருந்து தம்பியின் கைபேசிக்கு எப்போதாவது, உயர்த்திப் பிடித்த ஒரு பெருவிரல் படம் அனுப்புகிறான். அது ஓமா இல்லையா என்று தம்பி என்னைக் கேட்டான். எனக்கும் தெரியவில்லை, கேட்டு எழுது என்றேன். கேட்டான். அதற்கும் ஒரு பெருவிரல்தான் வந்தது. கைபேசியை எறியவேண்டும் போல எனக்கு வந்தது. அவன் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

இப்போது அவனுடைய தலைமயிர் இடுப்பைத் தாண்டிவிட்டது. சப்பாத்து மூன்றாவது சோடி. நேர்ந்ததைக் கொடுக்காமல் கிடக்கிறதே என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் அம்மாவுக்குப் பயம். கோயில் பக்கம் போனால் கன்னத்தில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்துவிடுகிறார். சனம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கடையடியில், பஸ்ஸில், கோயில் வீதியில், "என்ன தம்பி, நேர்த்தி எப்ப முடியுது?" என்று. முந்தி மாதிரி, நேர்த்தி இல்லை என்று அவன் இப்போது மறுப்பதில்லை. அம்மா மெய்யாகவே நேர்ந்துவிட்டபடியால், மறுத்தால் அது பொய்யாகிவிடுமாம். நின்று, முகத்து மயிரைக் கொஞ்சம் ஒதுக்கி, ஒழுங்காக மறுமொழி சொல்கிறான்.

"சிநேகிதன் கிடைச்சாப் பிறகு."

கேட்டவர்கள் நல்ல பகிடி என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். அப்படியென்றால் நான் இருக்கிறேன் என்று இதுவரை ஒருவரும் நின்றதில்லை.