கொய்யாமரக் குழி

தையல்காரி மூன்று நாள் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பியபோது தோட்டத்துக் கொய்யாமரம் இல்லை. அடிக்கட்டையைக்கூடத் தோண்டி எடுத்திருந்தார்கள். வெட்டச் சொன்னவர் மாடியில் குடியிருக்கும் கணவனின் அண்ணன். வீடு பிரித்தபோது மாடி அவருக்கு, தோட்டம் இவளுக்கு என்றுதான் பேச்சு.

"பூச்சி அரிச்ச மரம்மா. தானா விழுந்துடும்னு எடுத்துட்டேன். குழிய மூடிட்டா என் காரு நிக்கும்" என்றார், பல் குத்தியபடி.

செய்தது தப்பு என்று அவர் வாயால் வர வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

"விடேன், அண்ணன்தானே" என்றான் கணவன்.

மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்தாள். குழியை மூடவில்லை, தவளைக்குளம் ஆக்க அகலமாக்கினாள். முழங்கால் ஆழம். ஒரு பக்கம் சரிவு, தவறி விழுந்த ஓணானும் ஏறி வர. மீன் கிடையாது, மீன் இருந்தால் தலைப்பிரட்டை மிஞ்சாது. குழாய்த் தண்ணீரும் கிடையாது, மழைநீர்தான். தண்ணீர் நிற்க விரிக்கும் தார்ப்பாய்க்கு அடியில் கனத்த துணி போட வேண்டும், இல்லாவிட்டால் கல் குத்திக் கிழித்துவிடும். தையல் கடையில் சேர்ந்திருந்த வெட்டுத்துணி முக்கால் குழிக்குத்தான் காணும். ஹேங்கரில் மாடிக்காரருடைய கம்பளிக் கோட்டு தொங்கியது, வயிற்றுப் பக்கம் தளர்த்தக் கொடுத்தது. நல்ல கனம். தார்ப்பாயைக் குத்தும் என்று பித்தான்களை மட்டும் வெட்டி எடுத்தாள். பிறகு கோட்டைக் கை விரித்துக் குப்புறப் படுக்க வைத்தாள்.

இரண்டு மழையில் குளம் நிறைந்தது. தட்டான்கள் வந்தன. ஓரத்துப் புல்லில் தவளை முட்டை கொழகொழவென்று ஒட்டிக் கிடந்தது.

"என்னம்மா, கோட்டு ஆச்சா? ஞாயித்துக்கிழம ஆபீஸ்ல விருந்து" என்றபடி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"குளத்துக்கு அடியில இருக்கு மாமா."

"விளையாடாத."

"பித்தான் பத்திரமா இருக்கு. தரவா?"

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சிவந்தது. "ஒரு மரத்துக்காகவா இவ்வளவு?"

"பூச்சி அரிச்ச மரத்துக்காக."

அவர் குளத்தோரம் குந்தி உட்கார்ந்தார்.

"நல்ல மரந்தான். உன்ன கேட்டிருக்கணும். தப்புதான்மா."

கேட்டதும் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை. இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தவர் ஒரு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கோபம் இன்னும் ஒரு படி ஏறியது.

"சரி மாமா" என்றாள் பணிவாக. "குளத்த இன்னும் கொஞ்சம் பெருசாக்கலாம்னு இருக்கேன். அந்தக் கோட்டுக்கு ஜோடி பேன்ட்டு ஒண்ணு இருக்குமே?"