மழை எந்த நாளுக்குச் சொந்தம்

ஜெயந்தினி இலங்கை மலையகத்தின் டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிசில் வேலை செய்கிறாள். தினமும் காலை எட்டரைக்கு முற்றத்து மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, கொப்பியில் எழுதுவாள். நான்கு வருடங்களில் ஒரு நாளும் அதை வேறொருவரிடம் விட்டதில்லை. பொங்கலன்றும் வந்து எழுதிவிட்டுத்தான் போனாள்.

அந்த நான்கு வருட எழுத்தையும் குப்பையில் போடப்போவதாக ஒரு திங்கட்கிழமை தொலைபேசி சொன்னது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றான் நிரோஷன். மலையக மண்சரிவுகளை ஆராயும் பல்கலைக்கழகக் குழுவில் இருப்பவன், வட்டகொடை ஊர்ப் பையன். "ஒங்க தோட்டத்து மழை சரிவரல. மத்த எடத்துல பேயுறதுக்கு ஒரு நாள் முந்தியே ஒங்ககிட்ட பேஞ்சிருது. எங்க புரொபசர் சேர் ஒங்களை விட்டுருவோம்னுட்டாரு. வெள்ளிக்கிழமை பட்டியலை மூடுறோம்."

"என்னைக்காவது ஒரு நாளா தம்பி?"

"நாலு வருஷமும்."

எண்களோடு மட்டும் போகிற காரியமல்ல அது. மூன்று வருடங்களுக்கு முன், ஜூன் பதினான்காம் திகதி மழையில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலேயுள்ள மலை சரிந்து, அங்கே அவள் வீடான காம்பிராவுக்குப் பத்தடி தள்ளி வந்து நின்றது. ஆய்விலிருந்து தோட்டம் விடுபட்டால், ஆபத்தான சரிவுகளைக் காட்டும் வரைபடத்திலிருந்து அந்த மலையும் விடுபடும்.

மறுநாள் காலை ஆபிசுக்கு வந்த கணக்கப்பிள்ளை கந்தப்பனுக்குச் செய்தி எட்டியிருந்தது. "நம்ம தோட்டத்துக்கு மழை முன்கூட்டியே வருதாமே புள்ள. நாளைக்கு எத்தனைன்னு இன்னைக்கே சொல்லிட்டியன்னா, காலைப் பெரட்டுல வேலைக்கு ஆள் பிரிக்க எனக்கும் லேசா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அந்நேரம் தோட்டத்து மேலாளரான தொரை உள்ளே வந்து, வழக்கம்போல் கேட்டார்: "நேத்து மழை எத்தனை?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அளந்தது இன்று காலை. கேட்கப்படுவதோ நேற்றைய மழை. தோட்டத்தில் அதை நேற்றைய திகதியில்தான் எழுதுவார்கள். அவளுக்கு முன் இருந்தவர்களும் அப்படியே எழுதினார்கள். மற்ற இடங்களில் அளந்த நாளின் திகதியைப் போடுகிறார்கள். ஆய்வுக்குழு எண்களை ஏற்றும் மென்பொருளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவள் உடனே அழைத்துச் சொன்னதும், "அப்ப ஒரு நாள் தள்ளிப் போட்டா முடிஞ்சுது," என்றான் நிரோஷன். "ஆனா எந்த ஆதாரத்துல தள்ளுனன்னு சேர் கேப்பாரு. சொப்ட்வெயாரோட கையேட்டுல அப்படி ஒன்னுமே இல்லையே."

"கையேட்டை எழுதுறது யாரு?"

"யாரும் எழுதலாங்கக்கா. எல்லாருக்கும் தொறந்து வச்சது அது. எழுதி அனுப்புனா, பாத்துக்கிறவங்க சரின்னா சேத்துக்குவாங்க."

"யாரும்னா?"

"யாரும்னா யாரும்தான்."

நாற்பது பக்கக் கையேட்டில் திகதியைப் பற்றி ஒரே வரி இருந்தது: திகதியையும் மழையளவையும் இடவும். அன்று வேலை முடிந்ததும், பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில், தோட்டத்துத் திகதிகளை ஒரு நாள் தள்ளி எடுக்க வேண்டும் என்று, சின்னச் சின்ன வாக்கியங்களாக ஒரு பக்கம் எழுதி அனுப்பினாள்.

புதன்கிழமை மறுப்பு வந்தது. எழுதியவர் ஏதோ குளிர்தேசத்தில் அந்த மென்பொருளைப் பராமரிப்பவர். திகதி என்றால் திகதிதான். தோட்டத்தில் தவறாக எழுதினால் அது தோட்டத்தின் தவறு, கையேட்டின் குறையல்ல என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

தவறு என்ற சொல்லை அவள் மறுபடி வாசித்தாள். அளந்தது இன்று என்பது மெய். பெய்தது நேற்று என்பதும் மெய்தான். இரண்டு மெய்களில் எதுவென்று கேட்காமல், ஒன்றைத் தானாக எண்ணிக்கொள்வதில் அல்லவா தவறு இருக்கிறது? ஆனால் நியாயம் வேறு, சான்று வேறு. அவள் கந்தப்பனிடம் போய், வேலைக்கு வந்தவர்களைப் பதியும் பழைய செக்ரோல் புத்தகங்களைக் கேட்டாள். பெருமழையில் வேலை பாதியாகக் குறைந்த நாளில் எல்லோருக்கும் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். அந்தத் திகதியை யாரும் மாற்றி எழுத முடியாது. லயமே சண்டைக்கு வந்துவிடும்.

"பழசெல்லாம் எதுக்கு புள்ள?"

"மழைக்குச் சாட்சி வேணுங்கய்யா."

"சாட்சியா? நனைஞ்சவங்க எல்லாம் லயத்துலதான் இருக்காங்க. கூட்டியாரவா?"

"அவங்களைக் கம்பியூட்டர்ல ஏத்த முடியாது. பொஸ்தகத்தைக் குடுங்க."

நான்கு வருடங்களில் மழையால் முப்பத்தொரு அரைப் பேர் நாட்கள். இருபத்தொன்பதில் அவள் கொப்பியின் பெருமழையும் அதே திகதியில் இருந்தது. இரண்டு பொருந்தவில்லை. மழை முந்திய நாளில் பதிவாகியிருந்தது. அவற்றை விட்டுவிட்டால் பட்டியல் அழகாயிருக்கும். அவள் விடவில்லை. செக்ரோல் குறிப்பைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு நாளும் விடியற்காலையில் கொட்டி, வேலை தொடங்குவதைப் பிந்தவைத்து, எட்டரைக்கு முன் ஓய்ந்த மழை. அது முந்திய நாள் கணக்கில்தான் சேரும். பொருந்தாத இரண்டும் அவளுக்கே சாட்சி சொல்லின.

முப்பத்தொன்றையும் வரிசையாக இட்டு, பக்கத்தைத் திருத்தி மறுபடி அனுப்பினாள். இப்போது அது யாருக்கும் கட்டளையிடவில்லை. கேள்வி கேட்டது: உங்கள் கொப்பியிலுள்ள திகதி அளந்த நாளா, பெய்த நாளா? தெரியாவிட்டால், மழையால் வேலை நின்ற நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வியாழக்கிழமை பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு செய்திகள் வந்திருந்தன. முதலாவதை எழுதியவர் அசாமில் ஒரு தோட்டத்துக்காரர். எங்களிடமும் இதே வழக்கந்தான், இரண்டு வருடமாக எங்கள் எண்களை நாங்களே நம்பாமல் இருந்தோம் என்று எழுதியிருந்தார். மற்றது மறுத்தவருடையது: நான் எண்ணியது தவறு. பொருந்தாத அந்த இரண்டு நாட்களே என்னை ஒப்புக்கொள்ள வைத்தன. உங்கள் பக்கத்தைச் சேர்த்துவிட்டேன்.

பக்கத்தின் அடியில் எழுதியவர் பெயர் இருந்தது: ஜெயந்தினி, டயகம.

மதியம் நிரோஷன் அழைத்தான். "அக்கா, சேர் பாத்துட்டாரு. ஒங்க பக்கத்துல இருக்க கேள்விக்குப் பேஞ்ச நாள்னு பதில் வச்சு, ஒரு நாள் தள்ளி ஓட்டுனோம். நாலு வருஷமும் அக்கம்பக்கத்தோட ஒத்துப்போகுது. பட்டியல்ல இருக்கீங்க."

"மலை?"

"வரைபடத்துல செவப்பா நிக்குது."

சிவப்பு என்றால் ஆபத்து. ஆயினும் அந்தச் சொல்லைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தது.

சனிக்கிழமை எட்டரைக்குக் கந்தப்பன் மழைமானியருகே வந்து நின்றார். "சீமையில இருக்கவனையே ஒத்துக்க வச்சிட்டியாமே. இனிமே எந்த நாள்ல எழுதுவ?"

"நேத்துலதாங்கய்யா. எடுக்கிறவங்க இனி கேட்டுட்டு எடுத்துக்குவாங்க."

குழாயைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கொப்பியைத் திறந்து, வெள்ளிக்கிழமைக்கு நேரே நாற்பத்திரண்டு மில்லிமீற்றர் என்று எழுதினாள்.