தலைகீழாகத் தொங்கிய கொக்கு

அப்பாவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையிலெடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஆறுதலாக ஏதாவது எழுதச் சொன்னார்கள். என்னிடம் ஆறுதல் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா சுன்னாகத்தில் பிறந்தார். எண்பதுகளில் அகதியாக ஜேர்மனிக்கு வந்தார். பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். அண்ணா மட்டும் போர் நடந்த வன்னியில் நின்றுவிட்டார். அம்மா அவரைப் பார்க்காமலே இங்கே கண்மூடினார்.

பீலெஃபெல்ட் நகருக்கு வெளியே ஒரு பிரபுவின் மாளிகையில் அப்பாவுக்குத் துப்புரவு வேலை. அங்குள்ள சிறு தேவாலயத்தில் அந்தக் குடும்பத்தின் குலச்சின்னம் தொங்கியது. நீலக் கேடயம், அதில் ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளிக் கொக்கு, தூக்கிய காலில் ஒரு கல். கண்ணயர்ந்தால் கல் விழுந்து கொக்கை எழுப்பிவிடும், எங்கள் குடும்பம் உறங்காது என்பதே அதன் பொருள் என்று பிரபுவே அப்பாவுக்கு விளக்கியிருக்கிறார். "எங்கட கொக்கு மீனுக்கு நிக்கும், இது கல்லுக்கு நிக்குது" என்று அப்பா வீட்டுக்கு வந்து சிரிப்பார். ஆனாலும் கிழமைதோறும் அதைப் பக்குவமாகத் துடைத்தவர் அவர்தான்.

ஊரில் போர் முடிந்த வருடம் அண்ணாவிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அப்பா தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நித்திரையின்றிக் கிடந்தார். அந்தக் கோடையில்தான் பிரபு காலமானார். அடக்கம் முடிந்து அப்பா வேலைக்குப் போனபோது கேடயம் தலைகீழாகத் தொங்கியது. துக்கத்தில் யாரோ மாறிக் கொழுவிவிட்டார்கள் என்று நினைத்து, ஏணி வைத்து ஏறி நேராக்கிவிட்டார். பிரபுவின் மனைவி கோபப்படவில்லையாம். வம்சத்தின் கடைசி ஆண் போய்விட்டால் சின்னத்தைக் கவிழ்ப்பதுதான் வழக்கம் என்று சொல்லி, திரும்பவும் கவிழ்த்துவிடும்படி கேட்டாராம். அப்பா தன் கையாலேயே கவிழ்த்துவிட்டு வந்தார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. அண்ணாவைத்தான் நினைக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

"நான் இருக்கிறன்தானே அப்பா," என்றேன்.

"ஓம் பிள்ளை. அந்த மனுசனுக்கும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கினம்," என்றார்.

என்னைக் குறைத்துச் சொல்லவில்லை என்று தெரியும். இருந்தாலும் சுட்டது. இன்றும் சுடுகிறது.

குளிர் தொடங்கியதும் நெஞ்சு வருத்தத்தில் படுத்தார். ஆஸ்பத்திரியில் என்னைக் கிட்ட அழைத்து, "என்ர மரண அறிவித்தலில கொண்ணன்ர பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற' எண்டு போட்டிடாதை," என்றார். அண்ணா உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் சரி என்றேன்.

வீடு தேடி வந்தவர்கள், சமைத்துக் கொண்டுவந்தவர்கள், மகன் செய்ய வேண்டிய கிரியைகளைச் செய்த சித்தப்பா, பூவோடு வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த பிரபுவின் மனைவி, எல்லோருக்கும் எங்கள் நன்றி. அறிவித்தலில் அண்ணாவின் பெயரை அந்தச் சொல் இல்லாமல் பார்த்துவிட்டு, "மகன் வந்திட்டாரோ?" என்று சந்தோசத்தோடு தொலைபேசி எடுத்தவர்களுக்கும் நன்றி. அண்ணா வரவில்லை. வருவார் என்று நம்பியிருந்த ஒரே ஆளும் போய்விட்டார்.

மகள்