கண்ணாடிக்குள் என் கை

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் ஒஸ்லோ நகர மத்தியில் ஒரு கைக்கடிகாரக் கடையில் வேலை செய்தேன். அங்கே ஒரு வகைக் கடிகாரங்களுக்கு மட்டும் தனி மேசை, தனி விளக்கு, தனி ஆள். அந்த ஆள் நான். அவை பெயர் பெற்ற ஒரு பெரிய ஆடை ஆபரண நிறுவனத்தின் தயாரிப்புகள். அதன் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதன் சரித்திரத்தை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் இன்றைக்கும் சொல்வேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த நிறுவனத்தின் பிரதிநிதி ஒரு பெண் வந்து, ஹோட்டல் மண்டபமொன்றில் திரையில் படங்களைப் போட்டு அந்தச் சரித்திரத்தைச் சொல்லித் தந்தார். தொடக்கத்தில் அது குதிரை ஓட்டுபவர்களுக்குத் தோல் கையுறை தைக்கும் சின்னக் கடை. கடைக்காரர் இறந்ததும் மனைவி அதைப் பொறுப்பெடுத்தார். அவர் வேறு நாட்டிலிருந்து வந்தவர். அந்த ஊர் மொழி அவருக்குக் கடைசி வரை சரியாக வரவில்லையாம். பணக்காரப் பெண்களுக்கு முழங்கை வரை நீளும் பட்டுக் கையுறைகளைத் தைத்து அவர்தான் பெயரெடுத்தார். பிறகு ஆடை, வாசனைத் திரவியம், கைப்பை என்று நிறுவனம் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெண்கள் கையுறை அணிவதை விட்டுவிட்டார்கள்.

"வெறுமையாகிப்போன அந்த மணிக்கட்டுக்கு நாங்கள் ஒரு கடிகாரத்தைக் கொடுத்தோம்" என்றார் பிரதிநிதி. இந்த வசனத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும் என்றும் எங்களுக்குப் பழக்கினார்.

முதலில் வந்த கடிகார வரிசையின் முகம் கையுறைப் பொத்தான் அளவுதான். பட்டியின் ஓரத்தில் கையுறைக்குப் போடும் அதே தையல். அடுத்தது தங்க வளையல் போல, நேரம் பார்க்கவே கண்ணைச் சுருக்கவேண்டிய வரிசை. நான் இருந்த காலத்தில் மூன்றாவது வந்தது. பெரிய முகம், முழுவதும் வெள்ளைப் பீங்கான். ஆண்களுடையதைப் போன்ற பெரிய கடிகாரங்களைப் பெண்கள் கட்டுவது அப்போது நாகரிகமாக இருந்தது. உள்ளே ஓடும் இயந்திரம் மட்டும் இன்னொரு தொழிற்சாலையில் வாங்கியது. வாடிக்கையாளர் கேட்டாலொழிய அதைச் சொல்லக் கூடாது.

அந்த விதவையின் கதை எனக்குப் பிடித்துப்போனது. நகரத்தின் ஓரம் ரொம்மனில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பியதும் அதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்து, தனியாளாக என்னை வளர்த்தவர். சோற்றைப் போட்டபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"பொம்பிளையள் கிளவுஸ் போடுறதை விட்டிட்டினமோ? நான் இன்னும் விடேல்லையே" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த நாட்களில் அதற்குச் சிரிக்க முடிந்தது.

வெள்ளைப் பீங்கான் வரிசை அறிமுகமாவதற்குச் சில மாதங்கள் முன்பு அந்தப் பிரதிநிதி கடைக்கு வந்திருந்தார். நான் ஒரு வாடிக்கையாளருக்குக் கடிகாரத்தை என் கையில் கட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் போனதும் அவர் என் கையைப் பிடித்து, விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன விரல்கள்! நாங்கள் விளம்பரப் படத்துக்கு ஒரு கையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். உன்னுடையதைத் தருவாயா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. சரி என்றேன்.

ஆற்றங்கரையில் பழைய தொழிற்சாலை ஒன்றைத் திருத்திய கூடத்தில் படம் எடுத்தார்கள். நரம்பு தெரியாமலிருக்க, ஒவ்வொரு தடவையும் கையை உயர்த்திப் பிடித்து இரத்தம் இறங்கும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். பின்னேரம் தோள் மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் படம் எடுத்தவர் நல்ல மனிதர். "உன் நிறத்தில் இந்த வெள்ளை எப்படிப் பளிச்சென்று தெரிகிறது, பார்" என்று கணினித் திரையைக் காட்டினார். பார்த்தேன். என் கை. சிறு வயதில் விழுந்து வளைந்துபோன சுண்டுவிரல். மணிக்கட்டில் வெள்ளைக் கடிகாரம். என் உடம்பில் எதையும் அவ்வளவு அழகாக நான் அதற்கு முன் கண்டதில்லை.

அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கோயிலில் சொன்னார். தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நின்ற தாய்மாருக்குச் சொன்னார். வேலையிடத்தில், தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் எல்லாருக்கும் சொன்னார். "என்ரை பிள்ளையின்ரை கை ரவுணுக்குள்ளை வரப்போகுது" என்று தொலைபேசியில், ஹவுகன்ஸ்டுவா பகுதியில் இருந்த சிநேகிதிக்கு அவர் சொல்வதைக் குளியலறைக்குள் நின்று கேட்டேன். அம்மாவுக்கு நகர மத்தி எப்போதும் ரவுண்தான்.

நத்தார்ப் பண்டிகை வியாபாரம் தொடங்கும் நேரம் படம் வந்தது. காலையில் வேலைக்குப் போகும்போது கடையின் முன் கண்ணாடி முழுவதையும் அது பிடித்திருந்தது. ஆளுயரத்துக்கு மேல் ஒரு கை. வெள்ளைக் கை.

வேறு யாரையோ வைத்து எடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சுண்டுவிரலைப் பார்த்தேன். வெளிப்பக்கமாக அதே வளைவு. விரல் நீளமும் நகத்தின் வடிவும் என்னுடையவைதான். நிறத்தை மட்டும் உரித்து எடுத்துவிட்டு, பாலில் தோய்த்தது போல ஒன்றைப் பூசியிருந்தார்கள். அந்த வெள்ளையில் கடிகாரம்கூட மங்கித்தான் போயிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை போலும்.

கடை முகாமையாளர் உள்ளே நின்று காசுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். என்னைவிட அதிகம் மூத்தவரல்ல. யாரோடும் கோபித்துப் பேசாதவர்.

"என் கைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"ஆ, படமா? அழகாக வந்திருக்கிறது, இல்லையா?"

"நிறத்தை மாற்றியிருக்கிறார்கள்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தலைமையகத்தில் செய்தது. வட ஐரோப்பிய நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே படம். கொஞ்சம் நடுநிலையான நிறம் வேண்டும் என்றார்களாம். உன்னை மனதில் வைத்து ஒன்றும் செய்யவில்லை."

"நடுநிலையான நிறம் என்றால் எது?"

கதவு மணி அடித்தது. ஒரு வாடிக்கையாளர் பனிச்சேற்றைக் கால்விரிப்பில் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முகாமையாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் என் மேசைக்குப் போய்ச் சிரித்தேன். வெறுமையாகிப்போன மணிக்கட்டின் கதையைச் சொன்னேன். அன்றைக்கு நன்றாக விற்றேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அம்மாவிடம் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை அவர் இரண்டு சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு, நிலக்கீழ் ரயிலில் தானாகவே வந்துவிட்டார். கோயிலுக்குப் போகும் சேலை, அதற்கு மேல் தடித்த குளிர்ச்சட்டை. மூவரும் வெளியே நின்று படத்தை அண்ணாந்து பார்ப்பது எனக்கு உள்ளிருந்து தெரிந்தது. அம்மா அடுத்த கண்ணாடிக்குப் போனார். அதற்கடுத்ததுக்கும் போனார். பிறகு திரும்பி வந்து முதல் கண்ணாடிக்குக் கிட்டவாக, மூச்சுப் படும் தூரத்தில் நின்றார்.

உள்ளே வந்ததும் சுற்றுமுற்றும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"பிள்ளை, விரல் உன்ரைதான். தோல் ஆரின்ரை?"

"மாத்திப்போட்டினம் அம்மா."

"ஆரைக் கேட்டு?"

சிநேகிதிகளில் ஒருவர் நிலைமையைச் சரிப்படுத்தப் பார்த்தார். "வெள்ளையாய் வடிவாய்த்தானே இருக்கு, அக்கா. என்ன குறை? பிள்ளைக்கு உண்மையிலை அந்த நிறம் இருந்தால் மாப்பிள்ளை பாக்கவும் லேசாய் இருந்திருக்கும்."

படம் செய்தவர்களைவிட அந்த மனிசி மேல்தான் எனக்குக் கூடக் கோபம் வந்தது. அவர் மனதில் கள்ளமில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

முகாமையாளர் பக்கத்தில் வந்து, சின்னப் பிள்ளைகளோடு பேசுவது போல நிறுத்தி நிறுத்தி, உதவி ஏதும் வேண்டுமா என்று அவர்களைக் கேட்டார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த மணிக்கூட்டை எடு. உன்ரை கையிலை கட்டிக் காட்டு" என்றார் என்னிடம்.

"அம்மா, இஞ்சை வேண்டாம்..."

"நான் வாங்க வந்த ஆள் எண்டு அவருக்குச் சொல்லு."

சொன்னேன். முகாமையாளர் புன்னகை மாறாமல் ஒரு அடி பின்னால் போனார். நான் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, வெள்ளைக் கடிகாரத்தை எடுத்துக் கட்டி, கையை மேசையில் வைத்தேன். அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை.

"இதைத்தானே போட்டிருக்கவேணும்" என்றார். பிறகு நோர்வேஜிய மொழியில் முகாமையாளருக்கு "தாக்" என்று நன்றி சொல்லிவிட்டு சிநேகிதிகளோடு வெளியே போனார். போகும்போது அந்தக் கண்ணாடிப் பக்கம் அவர் திரும்பவில்லை.

அடுத்த வசந்தத்தில் மீண்டும் ஹோட்டல் மண்டபம், மீண்டும் அதே பிரதிநிதி. சரித்திரப் படங்களின் கடைசியில் இப்போது புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். வேறு நாட்டிலிருந்து வந்த அந்த விதவையில் தொடங்கி, என் வெளுத்த கையில் சரித்திரம் முடிந்தது. "வடக்கின் வெளிச்சம் பட்ட கை" என்று அதற்கு விளக்கமும் சொன்னார். நான் எழுந்து நின்றேன்.

"அது என்னுடைய கை" என்றேன். "என் கை அந்த நிறமில்லை."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள், பகிடி என்று நினைத்து. பிரதிநிதி என்னைப் பார்த்து மிகவும் அன்பாகத் தலையசைத்தார். "ஆமாம், உனக்கு அற்புதமான விரல்கள்" என்றார். பிறகு மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று விளக்கைப் போட்டார்.

உடனே வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் கேட்க நன்றாயிருக்கும். விடவில்லை. வேறு வேலை கிடைக்கும் வரை அந்தத் தனி மேசையில், தனி விளக்குக்குக் கீழே நின்றேன். புதிதாக வந்த பெண்களுக்கு விதவையின் கதையை நான்தான் பழக்கினேன். அந்த வசனத்தில் எங்கே நிறுத்தவேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன்.

வேலையை விட்டு நெடுநாளைக்குப் பிறகு, ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேச்சு எப்படியோ என் பழைய வேலைக்குப் போனது. அம்மா பக்கத்திலிருந்த ஒருவருக்கு, "இவளின்ரை கையை ஒருக்கால் ரவுணுக்குள்ளை பெரிசாய்ப் போட்டவை" என்று தொடங்கினார்.

அன்று கூட வந்து, வெள்ளையாய் வடிவாய் இருக்கு என்ற அதே சிநேகிதி எதிரில் இருந்தார். "இல்லை அக்கா, அது ஒரு வெள்ளைக்காறியின்ரை கையெல்லே. நானும் வந்து பாத்தனான்" என்றார்.

அம்மா வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டு, "சாப்பிடு பிள்ளை" என்றார்.