சிவப்பு டிராகன் பழம்

பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி வேலியோரம் சிமென்ட் தூணில் ஏற்றி வளர்த்த கள்ளிச்செடி அது. மெக்சிகோ பக்கத்துக் கள்ளி என்று அவர் மகள் சொல்லித்தான் தெரியும். அதுவரை சீனாவிலிருந்து வந்த பழம் என்றே நினைத்திருந்தேன். முதல் பழங்களைச் சாமி மேடையில் வைப்பார். அடுத்தவை வேலிக்கு மேலாக எங்களுக்கு வரும்.

என் கணவர் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார். எதைக் கொடுத்தாலும் பாதியில் தள்ளிவிடுவார். அன்று மட்டும் ஒரு பழத்தை இரண்டாக வெட்டி, ரத்தச் சிவப்பாக இருந்த சதையைக் கரண்டியால் வழித்து முழுவதும் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் காலை குளியலறையிலிருந்து கூப்பிட்டார். கழிவறைக் கிண்ணம் முழுக்கச் சிவப்பு. இருவரும் உடனே காரில் ஏறினோம்.

மருத்துவமனையில் தமிழ் நர்ஸ் ஒருத்தி கேட்டாள்: "ஆன்டி, நேத்து அங்கிள் என்ன சாப்பிட்டாரு?"

சொன்னேன். சிரித்துவிட்டாள். "செகப்பு டிராகன் புரூட்டா? அது வெறும் கலரு லா. பயப்படாதீங்க."

பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. வீடு வரும்வரை அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

உடம்பு தேறி மறுபடி லோரி ஓட்டப் போனார். சில மாதங்களில் முகம் வெளுத்தது. லோரிப் படியில் ஏறவே மூச்சு வாங்கியது. ஒரு காலை குளியலறைத் தரையில் சிவப்பாக ஒரு துளி பார்த்தேன்.

"என்னங்க, ரத்தம் போகுதா?"

"பழம்தான். நீ சும்மா இரு."

வேலியோரச் செடி காய்ப்பு ஓய்ந்து வெறும் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பாசார் சந்தையிலும் நான் அந்தப் பழம் வாங்கவில்லை. எல்லாம் தெரிந்தும், "சரி" என்றேன். அந்த ஒரு சொல்லை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. அவருக்கும் பயம், எனக்கும் பயம், வேறென்ன சொல்ல?

மூன்று வாரம் கழித்து வேலையிடத்திலேயே மயங்கி விழுந்தார். நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்றார் டாக்டர்.

"ஏன் முன்னாடியே வரல?"

கணவர் சுவரைப் பார்த்தார். நான் அவர் செருப்பைத் தேடுவதுபோலக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போகும்வரை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.