மாத்திரையை நிறுத்தியவள்

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற பெண்களில் ஆஷிகாவின் கைவேகம் யாருக்கும் வராது. கணவன் எபனேசர் ராணுவத்தில் இருந்தான். கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் பிள்ளை இல்லை. மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. பிள்ளை பெறாத மார்பில் பால் கசிந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, உள்ளே துணியை மடித்து வைத்துக்கொண்டு மெஷினை மிதித்தாள்.

ராஜபாளையத்து லேடி டாக்டர்தான் ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடித்தார். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. விலக்கு நின்றதும் பால் கசிந்ததும் அதனால்தான். புற்று இல்லை, ஆனால் பெரியது, கண் நரம்பை ஒட்டி நின்றது. அதற்கு வாரம் இரண்டு தடவை மாத்திரை. கட்டி சுருங்கியது, பால் நின்றது, ஆஷிகா உண்டானாள்.

மூன்றாம் மாதம் கரு கலைந்துபோனது.

"அந்த மாத்திரதான் பிள்ளையக் கரைச்சிருச்சு" என்று மாமியார் ஞானரத்தினம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆஷிகாவுக்கும் அப்படித்தான் பட்டது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இது மாத்திரையால இல்லம்மா. எத்தனையோ பேருக்கு இப்படிக் கலைஞ்சுபோகுது. கட்டி சின்னதா இருந்தா, உண்டானதும் நிறுத்தச் சொல்லுவோம். உனக்குப் பெருசு. அடுத்த தடவ உண்டானா ஒடனே வந்துரு. நிறுத்தணுமா வேண்டாமான்னு நான் சொல்றேன். நீயா நிறுத்தக் கூடாது."

தலையாட்டிவிட்டு வந்தாள். நம்பத்தான் முடியவில்லை. தன் கையாலேயே விழுங்கித் தன் பிள்ளையைக் கொன்றுவிட்டோம் என்கிற நினைப்பு மனசைவிட்டுப் போகவில்லை.

மறுபடி நாள் தள்ளியதும் மிச்சமிருந்த மாத்திரைகளைச் சாக்கடையில் போட்டாள். ராஜபாளையம் போனால் திரும்பவும் தின்னச் சொல்லிவிடுவார்கள் என்று அந்தப் பக்கமே போகவில்லை. ஊர் நர்ஸிடமும் கட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாள் போகப் போகத் தலைவலி வந்தது. "மசக்கைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றாள் ஞானரத்தினம். தையல் கோணிக்கொண்டு போனது. உடம்பு அசதி என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறாம் மாதம் அம்மா வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தாள். தேரடிப் பக்கம் அம்மாவோடு ரோட்டைக் கடக்கையில் வலது பக்கமிருந்து வந்த ஸ்கூட்டர் அவளை உரசிக்கொண்டு நின்றது. "ஏம்மா, இம்புட்டு ஹாரன் அடிக்கேன், கண்ணு தெரியலியா?" என்று வண்டிக்காரர் கத்தினார். சத்தம் கேட்டிருந்தது. வண்டிதான் கண்ணில் படவே இல்லை. அம்மா ஒரு கையை அவள் முகத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி ஆட்டிக் காட்டினாள். அதுவும் தெரியவில்லை.

அன்றைக்கே ராஜபாளையம் கூட்டிப்போனார்கள். கட்டி வளர்ந்து கண் நரம்பை அழுத்தியிருந்தது. டாக்டர் திட்டவில்லை.

"இன்னைக்கே மாத்திரைய ஆரம்பிக்கணும்மா."

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

"இந்த மாத்திரைய சாப்பிட்டுக்கிட்டே எத்தனையோ பேர் நல்லபடியாப் பெத்திருக்காங்க."

"அப்ப மொதப் பிள்ளை?"

"அன்னைக்கே சொன்னேனே. அது உன் தப்பு இல்ல."

ஆஷிகா அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். போன பிள்ளைக்காக அப்போதுதான் அவளால் அழ முடிந்தது.

இடது கண்ணில் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வலது கண்ணில் பாதி போனது போனதுதான். மகள் ஒரு குறையும் இல்லாமல் பிறந்தாள். மாத்திரை சாப்பிட்டதால் பால் சுரக்கவில்லை. பால்பவுடர்தான் கரைத்துக் கொடுத்தார்கள். மெஷினில் உட்காரத் தைரியம் இல்லாமல், தைத்த நைட்டிகளில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்கு மாறினாள்.

ஒருநாள் அவளுக்கு வலது பக்கம் படுத்திருந்த பிள்ளை, அவள் பார்க்காமலே கட்டில் ஓரம் வரை உருண்டுவிட்டது. ஞானரத்தினம் ஓடிவந்து தூக்கினாள். தூக்கியவள் அங்கேயே நின்றாள்.

"நான் வாய வச்சிட்டு சும்மா இருந்திருந்தா ஒனக்குக் கண்ணு போயிருக்காதுட்டி."

ஆஷிகா பிள்ளைக்குக் கையை நீட்டினாள்.

"நீங்க சொன்னீய. நானும் நம்புனேன்ல, அத்தை" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.