அக்காவுக்காகப் போட்ட மொட்டை

என் முன்மண்டையில் இன்று இருக்கும் முடியெல்லாம் பின்மண்டையிலிருந்து வந்தது. இது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரியும். அக்காவுக்குத் தெரியாது.

பல வருடமாக மலேசியாவின் மாசாயிலிருந்து பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு மோட்டாரில் வேலைக்குப் போகிறேன். ஹெல்மெட்டைக் கழற்றும்போதெல்லாம் உள்ளே நாலைந்து முடி ஒட்டிக்கொண்டிருக்கும். நாற்பது வயதில் நெற்றி உச்சந்தலைவரை ஏறிவிட்டது. தொழிற்சாலைப் பையன்கள், "அங்கிள் வந்தா லைட்டே தேவையில்ல லா" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நிற்பேன்.

ஜோகூர் பாருவில் முடி நடும் கிளினிக்கில் டாக்டர் இரண்டு வழி சொன்னார். வேர்களை அவர் கையாலேயே எடுத்தால் பின்பக்கம் ஒரு பட்டையை மட்டும் மழித்து, மேல்முடியால் மறைத்துவிடலாம். ரோபோ எடுப்பதென்றால் அதன் கேமராவுக்கு ஒவ்வொரு முடியும் தெரிய வேண்டும். தலையை முழுக்க ஒட்ட மழித்தாக வேண்டும்.

மறைக்க நினைப்பவன் கையைத்தான் கேட்டிருக்க வேண்டும். நான் ரோபோவைக் கேட்டேன். இயந்திரத்துக்குக் கை நடுங்காது என்பது வெளியில் சொன்ன காரணம். உள்ளே வேறு கணக்கு. தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மொட்டைத் தலையோடு திரியும் தமிழனை ஏன் என்று யார் கேட்கப்போகிறார்கள்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கிளினிக்கில் எனக்குத் தேதி கொடுத்த அதே நாளில்தான் அக்காவுக்கு ஆஸ்பத்திரி. மார்பிலிருந்து எடுத்த கட்டி நல்லதா கெட்டதா என்று அன்றைக்குத்தான் சொல்வார்கள். அத்தான் இறந்தபின் அவளுக்கு நான்தான் துணை. "கூட வர்றியாடா?" என்று கேட்டாள். "லீவு குடுக்க மாட்டாங்கக்கா" என்றேன். அவள் தனியாக பஸ் ஏறிப் போனாள். நான் கிளினிக்கில் குப்புறக் கவிழ்ந்தபடி, ரோபோ என் பின்மண்டையைக் குத்தும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் போன் அடித்தது. அக்காதான் என்று தெரிந்தும் எடுக்கவில்லை.

கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு செய்தி அனுப்பியிருந்தாள்.

நாலாம் நாள், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு சொல்லாமல் வந்து நின்றாள். தொப்பி போட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"அலமாக், மொட்டையா? எப்படா போட்ட?"

யோசிக்க முடியாமல் உண்மையே வாயில் வந்துவிட்டது. "நீங்க ரிசல்ட்டுக்குப் போன அன்னைக்கு."

அக்கா பொட்டலத்தைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. "லீவு இல்லேன்னு எங்கிட்ட சொல்லிட்டு, கோயிலுக்குப் போயி எனக்காக முடி எறக்குனியாடா?"

மனைவி அடுப்படியிலிருந்து என்னையே பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"முன்னால என்ன இவ்ளோ புண்ணு?"

"பிளேடு கீறிடுச்சுக்கா."

சாமி மேடைக்குப் போய்ச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். கை என் தலையருகே வந்ததும், நட்ட முடி போய்விடுமே என்று, "தொடாதீங்க!" எனக் கத்திவிட்டேன். பதறிக் கையை இழுத்துக்கொண்டாள். "ரொம்ப எரியுதா? எனக்காகப் போயி..." என்று தன்னையே நொந்துகொண்டாள். அன்று கூனிக் குறுகியவன் இன்னும் நிமிரவில்லை.

அடுத்த வருடத் தைப்பூசத்துக்குள் எனக்கு நெற்றியே மாறிவிட்டது. என் தம்பி எனக்காக முடி கொடுத்தான், முருகன் இரண்டு பங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று அக்கா கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். வழுக்கை விழுந்த ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப் போய், எந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டேன் என்று கேட்டார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

"போன வருஷம் நீ போட்ட. இந்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து போடுவோம்டா" என்று அக்கா இருவருக்கும் டோக்கன் வாங்கிவிட்டாள். மழித்தாலும் திரும்ப வளரும் முடிதான், டாக்டரே சொல்லியிருக்கிறார். பொய்யை மெய்யாக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு. என் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். கை தானாகத் தலைக்குப் போனது.

"நாளைக்குக் கம்பெனில பெரிய ஆளுங்க வர்றாங்கக்கா" என்றேன்.

"பரவால்ல லா. நீதான் போன வருஷமே குடுத்துட்டியே" என்று அவள் போய் உட்கார்ந்தாள். இடுப்புவரை தொங்கிய முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. அவள் கொண்டை ஊசிகளை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மொட்டையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தவள், மிச்சத்தை என் நெற்றியில் வைக்கக் கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தி, "தொடலாமாடா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். நெற்றியில் விழுந்து கிடந்த என் முடியை மெல்ல ஒதுக்கிவிட்டுத்தான் அவளால் பொட்டு வைக்க முடிந்தது.